மழையில் வாலாட்டும் கார்: புது டயர் முன்னாலா, பின்னாலா?

கேள்வி: ஐயா, உச்சிப்புளியில் இருக்கிறேன். 2018-இல் வாங்கிய டிசையர் பெட்ரோல் வண்டி. கம்பெனி கொடுத்த 15 அங்குல அலாய், டயர் அளவு 185/65 ஆர்15. முன் டயர் இரண்டும் வெளி ஓரம் மொட்டையாகிவிட்டதால் போன மாதம் முன்பக்கம் மட்டும் புது டயர் போட்டேன். அந்த அளவு கையிருப்பில் இல்லை, “195/65 போடுங்க சார், இன்னும் நல்லாப் பிடிக்கும்” என்றார்கள். பின்னால் இருப்பவை வண்டியோடு வந்த பழைய டயர்கள்தான். அதிலிருந்து ஸ்டியரிங் கொஞ்சம் கனம். நேர் ரோட்டிலும் மிதப்பது போல இருக்கிறது. 85-ஐத் தொட்டால் ஸ்டியரிங் அதிர்கிறது. போன வாரம் மழையில் மண்டபத்திலிருந்து தனியாக வரும்போது, வளைவில் தண்ணீரைப் பார்த்துக் காலை எடுத்தேன். பின்பக்கம் சட்டென்று வெளியே போய்விட்டது. வேகம் 70 கூட இல்லை. கடையில் கேட்டால், “முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்குப் புது டயர் முன்னாலதான்” என்று அடித்துச் சொல்கிறார்கள். எது சரி? பழைய அளவுக்கே போகவேண்டுமா? நைட்ரஜன் அடித்தால் சரியாகுமா? அடிக்கடி ராமேசுவரமும், மாதம் ஒருமுறை மதுரையும் போய்வருகிறேன்.

பதில்: அந்த இரண்டு புது டயரையும் முதலில் பின்னால் மாற்றுங்கள். மாற்றும்வரை மழையில் வண்டியை எடுக்காமல் இருப்பது நல்லது. கடையில் சொன்னது ஊரெங்கும் சொல்லப்படும் பேச்சுதான். இன்ஜின் இழுப்பது முன்சக்கரத்தை, ஸ்டியரிங் திருப்புவதும் அதையே, பிரேக் வேலையில் பெரும்பங்கும் அதற்கே. அதனால் நல்ல டயர் முன்னால் இருக்கட்டும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காய்ந்த ரோட்டில், நிதானமான வேகத்தில், அப்படிப் போட்டதால் ஒரு குறையும் தெரியாது. ரோடு நனைந்ததும் கணக்கு மாறிவிடும்.

முன்டயர் பிடி விட்டால் ஓட்டுபவருக்கு உடனே தெரிந்துவிடும். ஸ்டியரிங் லேசாகும், திருப்பினாலும் வண்டி நேரே போகப் பார்க்கும். பயத்தில் யாராக இருந்தாலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார்கள். வேகம் குறைந்து, எடை முன்னால் சாய்ந்து, பிடி திரும்ப வந்துவிடும். பயத்தில் செய்ததே அங்கே மருந்தாகிவிடுகிறது. பின்டயர் பிடி விடும்போது ஸ்டியரிங்குக்கு ஒரு சேதியும் வராது. இருக்கையில் உட்கார்ந்தபடி இடுப்பில்தான் உணர்வீர்கள், அதற்குள் வண்டி பாதி திரும்பியிருக்கும். அப்போது காலை எடுத்தால் பின்பக்கத்து எடை இன்னும் குறைந்து சறுக்கல் கூடும். உங்களுக்கு நடந்தது அதுதான். புதுப் பட்டனோடு (ரோட்டைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) முன்டயர் ரோட்டைக் கவ்வி நின்றது. நீங்கள் காலை எடுத்ததும் எடை முன்னால் போனது. ஆளும் சாமானும் இல்லாத பின்பக்கம், ஏழு வருடத்துக்கு மேலான கெட்டி ரப்பரோடு, ஈரத்தில் விலகிப்போனது. டிசையர் மாதிரி வண்டிகளில் சும்மா நிற்கும்போதே எடையின் பெரும்பகுதி முன் அச்சில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டியோ பின்சக்கரம் தள்ளும் வண்டியோ, இரண்டு டயர் மட்டும் மாற்றினால் புதியவை பின்னால்தான் என்று டயர் கம்பெனிகளே சொல்வது இந்தக் காரணத்தால்தான். முன்டயர் சீக்கிரம் தேயும் என்பது உண்மை. அதற்கு வழி, நாலும் ஒரே அளவாக இருக்கும்போது 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொண்டே வருவது. முன்னவை அதே பக்கத்தில் நேரே பின்னால் போகும், பின்னவை இடம் வலம் மாறி முன்னால் வரும். அப்படிச் செய்துவந்தால் நாலும் ஏறக்குறைய ஒன்றாகத் தேய்ந்து, ஒன்றாகவே மாற்றவேண்டி வரும். இந்தக் கேள்வியே எழாது.

இனி தண்ணீர். டயர் ரோட்டைத் தொடும் இடம் ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் உள்ளங்கை அளவுதான். அதற்கடியில் வரும் தண்ணீரைப் பட்டன் இடுக்குகள் பக்கவாட்டில் வெளியே தள்ளவேண்டும். தள்ள முடியாத அளவுக்கு வேகம் கூடினால் டயர் தண்ணீர்மேல் ஏறிவிடும். அந்த வேகத்துக்கு 1963-இல் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து வகுத்த எளிய கணக்கு ஒன்று உண்டு. டயரின் காற்றழுத்தத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 16.7-ஆல் பெருக்கினால், முழுதாக மிதக்கும் வேகம் கிலோமீட்டரில் வரும். 30 பிஎஸ்ஐ இருந்தால் 91. காற்று இறங்கி 24 ஆகியிருந்தால் 82. 20 என்றால் 75. பட்டன் ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும் ரோட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நல்ல பட்டன் உள்ள டயருக்கு அவ்வளவு ஆழத் தண்ணீர் அபூர்வம், மொட்டை டயருக்குச் சிறு தேக்கமே போதும். கார் டயர் முழுதாக மிதப்பதற்கு வெகு முன்பே பிடியில் பாதியை இழக்கத் தொடங்கிவிடும் என்பதால் அந்த எண்களை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளக் கூடாது. 70-க்குள் நீங்கள் சறுக்கியதில் முழு மிதப்பு நடந்திருக்காது. பாதி மிதப்பு, கெட்டிப்போன ரப்பர், வளைவு மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்துகொண்டன.

இந்தக் கரையில் இது சேர வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் மழை பார்க்காத ரோட்டில் எண்ணெய், ரப்பர்த் தூள், மணல் எல்லாம் படிந்து கிடக்கும். ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் அவை கரைந்து வழவழப்பாகிவிடும். விடாமல் பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். நசநசவென்று தூறிவிட்டு நிற்கும் மழைதான் மோசம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீரும் சேரும். சமதரை என்பதால் ஓரத்தில் மணல் ஏறிய இடங்களில் தண்ணீர் வடிய வழியில்லாமல் தேங்கும். வைகாசியில் நன்றாக ஓடிய டயர் கார்த்திகையிலும் அப்படியே ஓடும் என்று நினைக்கவேண்டாம்.

பட்டன் எவ்வளவு மிச்சம் என்று அளந்து பாருங்கள். புது கார் டயரில் சுமார் 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும். மோட்டார் வாகன விதிப்படி காருக்குக் குறைந்தது 1.6 மி.மீ. வேண்டும். பட்டன் இடுக்கில் குறுக்கே சின்னச் சின்ன மேடுகள் தெரியும், ரப்பர் அதன் மட்டத்துக்கு வந்தால் 1.6 ஆகிவிட்டது என்று பொருள். அது சட்டம் வைத்த எல்லை. ஈரத்தில் பிரேக் பிடிப்பது 3 மி.மீ.க்குக் கீழே போனதுமே மளமளவென்று கெடத் தொடங்கும். மழைக்காலம் தொடங்குமுன் 3-க்கு வந்துவிட்ட டயரை மாற்றிவிடுவதே என் ஆலோசனை. ஆழம் பார்க்கும் சிறு அளவுகோல் டயர் கடைகளிலேயே இருக்கும். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய டயரில் பட்டன் இருந்தாலும் வயதைப் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக நாலு இலக்கம் இருக்கும். 2218 என்றால் 2018-ஆம் ஆண்டின் 22-ஆம் வாரம் செய்த டயர். ஒரு பக்கத்தில்தான் முழு எண்ணும் இருக்கும், வெளியே தெரியாவிட்டால் வண்டிக்கடியில் எட்டிப் பார்க்கவேண்டும். ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுக்கொருமுறை கழற்றிச் சோதிக்கவேண்டும், பத்து வருடம் ஆனால் பட்டன் இருந்தாலும் மாற்றவேண்டும் என்பது டயர் கம்பெனிகள் பொதுவாகச் சொல்வது. நம் வெயிலில் வெட்டவெளியில் நிற்கும் வண்டிக்கு அவ்வளவு காலம் விடமாட்டேன். பக்கச்சுவரிலோ பட்டன் இடுக்கிலோ மயிரிழைபோல வெடிப்புகள் ஓடியிருந்தால், நகத்தால் அழுத்தினால் ரப்பர் கொஞ்சமும் அமுங்காவிட்டால், அந்த டயரின் காலம் முடிந்தது. உங்கள் பழைய டயர்கள் முன்னால் வருவது தற்காலிகம்தான். ஈரத்தில் 60-ஐத் தாண்டாமல் ஓட்டி, கூடிய சீக்கிரம் அவற்றையும் மாற்றுங்கள். வெடிப்பு இருந்தால் அந்தத் தற்காலிகமும் வேண்டாம்.

அடுத்தது அளவு. 185/65 ஆர்15 என்றால் அகலம் 185 மி.மீ., அதில் 65 சதவீதம் பக்கச்சுவர் உயரம், அதாவது சுமார் 120 மி.மீ., ரிம் விட்டம் 15 அங்குலம். மொத்த விட்டம் 621.5 மி.மீ. வருகிறது. 195/65-இல் அகலம் கூடும்போது அதே 65 சதவீதத்தால் பக்கச்சுவரும் உயர்ந்து 127 ஆகிறது. மொத்த விட்டம் 634.5. அதாவது 2 சதவீதத்துக்குச் சற்று அதிகம். நாலு சக்கரமும் இப்படி ஆனால் மீட்டர் 80 காட்டும்போது முன்பைவிட ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். அது பெரிய விஷயமில்லை. முன்னால் ஒரு விட்டம், பின்னால் ஒரு விட்டம் என்பதுதான் இடிக்கிறது. பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் நாலு சக்கரத்தின் சுழற்சியை ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறது. 2 சதவீதத்தில் அது தடுமாறிவிடாது என்றாலும், அந்த வித்தியாசத்தை நாமே கொண்டுபோய் வைக்கத் தேவையில்லை. இடம் மாற்றிப் போடும் வசதியும் போய்விடுகிறது.

அகலம் கூடினால் பிடி கூடும் என்பது காய்ந்த ரோட்டில் ஓரளவு உண்மை. ஈரத்தில் அகல டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்கவேண்டியிருப்பதால், பட்டன் ஒரே மாதிரி இருந்தால், சீக்கிரம் மிதக்கும். உங்களுக்கு ஸ்டியரிங் கனமாவதற்கும் அகலம் ஒரு காரணம். நேர் ரோட்டில் மிதப்பது போலத் தெரிவதற்குக் காரணம் பல. பக்கச்சுவர் 6.5 மி.மீ. உயர்ந்திருப்பதால் வளையும். புது டயரின் பட்டன் கட்டைகள் உயரமாக இருப்பதால் அவையும் நெளியும், மொட்டையாகிப்போன பழைய டயர் கெட்டியாக ஒட்டி ஓடிய உணர்வு கையில் பழகியிருக்கும். போதாததற்கு டயரை வார்க்கும் அச்சிலிருந்து கழற்றப் பூசும் வழவழப்பு மேல்தோலில் மிச்சமிருக்கும். முதல் 200 முதல் 300 கி.மீ. வரை திடீர் பிரேக், வேக வளைவு இரண்டும் கூடாது. அந்தத் தோல் உரிந்ததும் பாதி மிதப்பு தானாகப் போய்விடும். மிச்சம் அளவினால் வந்தது, அது போகாது.

பழைய அளவுக்குப் போகவேண்டுமா என்று கேட்டீர்கள். போகவேண்டும். முதலில் ரிம்மின் உள்பக்கத்தில் பொறித்திருக்கும் அகலத்தைப் பாருங்கள், 15×5½ஜே என்பது போல இருக்கும். 185/65 ஆர்15-க்கு 5 முதல் 6½ அங்குலம்வரை ரிம் அகலம் ஏற்கும். 195/65 ஆர்15-க்கு 5½ முதல் 7 வரை. உங்கள் ரிம் 5 அங்குலம் என்றால் 195 அதற்குரிய டயரே அல்ல. பக்கச்சுவர் பிதுங்கி நிற்கும், வளைவில் தள்ளாடும், பேச்சே வேண்டாம், கழற்றிவிடுங்கள். 5½ என்றால் எல்லையின் ஓரத்தில் நிற்கிறது. நாலுமே 195 ஆக்கி, ஸ்டியரிங்கை முழுதும் ஒடித்து, ஆள் ஏற்றி, சக்கரக் கூட்டில் எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டால் ஓட்டலாம். ஆனாலும் தேங்கிய தண்ணீரும் மணலும் உள்ள இந்தத் தடத்தில் அதனால் உங்களுக்கு லாபம் என்ன என்று யோசித்தால் விடை வராது. கொஞ்சம் நட்டப்பட்டாலும் கடையில் பேசி அந்த இரண்டையும் கொடுத்துவிட்டு, 185/65 நாலு வாங்குவதைத்தான் பரிந்துரைப்பேன். பணம் இப்போது இரண்டுக்குத்தான் உண்டு என்றால் 185 இரண்டு பின்னால், அடுத்த இரண்டு பொங்கலுக்குள் முன்னால், அதே கம்பெனி, அதே பட்டன் வடிவம். ஒரே அச்சில் இடது ஒரு வகை, வலது ஒரு வகை என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

வாங்கும்போது அளவுக்குப் பின்னால் 88எச் என்பது போல ஒரு குறி இருக்கும். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும், 84 என்றால் 500 கிலோ. எச் என்பது 210 கி.மீ. வேகத் தகுதி, டி 190, எஸ் 180. நீங்கள் 180-இல் போகப்போவதில்லை, ஆனால் வேகத் தகுதி என்பது சூட்டைத் தாங்கும் தகுதியும்தான். சித்திரை வெயிலில் ஐந்து பேரோடு மதுரை ரோட்டில் ஓடும் டயருக்கு அது வேண்டும். கம்பெனி கொடுத்ததைவிடக் கீழான குறியை எடுக்காதீர்கள். சில டயர்களில் டிராக்‌ஷன் ஏஏ, ஏ, பி என்று பொறித்திருக்கும். நனைந்த தரையில் நேர்க்கோட்டில் பிரேக் பிடிக்கும் திறனை அது சொல்கிறது, ஏ-க்குக் கீழே வேண்டாம். நட்சத்திர லேபிளைப் பார்த்து ஏமாறவேண்டாம். அது எரிபொருள் சிக்கனத்துக்குக் கொடுப்பது. ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் இருக்கவேண்டும். செய்த வாரத்தையும் பாருங்கள். ஆறு மாதம்வரை பழையதென்றால் தயங்காமல் வாங்கலாம். இரண்டு வருடம் கிடந்ததைப் புது விலைக்கு வாங்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன ஒரு வரிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: முன் டயர் இரண்டும் வெளி ஓரம் மொட்டை. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மிஞ்சினால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரண்டு சக்கரத்திலும் வெளி ஓரம் மட்டும் என்றால் பெரும்பாலும் சக்கரங்களின் முன்முனை அளவுக்கு மீறி உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. கழற்றிய டயர் இன்னும் கடையில் கிடந்தால் கையால் தடவிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழவழ, உள்ளிருந்து வெளியே தடவும்போது ரம்பப்பல் போல முட்டினால் சந்தேகமே இல்லை. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணத்தைத் திருத்துவது) பார்த்தார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பார்க்காமல் விட்டிருந்தால் புது டயரின் வெளி ஓரமும் இப்போதே போய்க்கொண்டிருக்கும். வண்டி நேரே நிற்காமல் அலைவதற்கும் அதுவே காரணமாகலாம்.

அலைன்மென்ட் மேடையில் ஏற்றுமுன் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் மூன்றிலும் ஆட்டம் உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கடிகாரத்தில் 9-ம் 3-ம் இருக்கும் இடத்தில் பிடித்து ஆட்டினால் டை ராட் ஆட்டம் தெரியும். 12-ம் 6-ம் உள்ள இடத்தில் ஆட்டினால் பால் ஜாயின்ட், பேரிங். ஆட்டம் உள்ள வண்டிக்கு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. மேடையிலிருந்து இறங்கும்போது எண்கள் மாறியிருக்கும். உங்கள் வண்டியில் வழக்கமாகத் திருத்துவது முன்சக்கரங்களின் அந்த உள்நோக்கு, வெளிநோக்கு அளவை மட்டும்தான். பின்னச்சு ஒரே உத்திரம், அதற்குத் திருகாணி கிடையாது. பின்பக்க எண் சிவப்பில் வந்தால் உத்திரமோ அதன் புஷ்ஷோ அடிபட்டிருக்கிறது என்று பொருள். திருத்துமுன் ஒரு தாள், திருத்தியபின் ஒரு தாள், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். காற்றைச் சரியாக வைத்துவிட்டுத்தான் மேடையில் ஏற்றவேண்டும்.

85-இல் அதிர்வது பேலன்ஸிங். ஸ்டியரிங்கில் அதிர்ந்தால் முன்சக்கரம், இருக்கையில் அதிர்ந்தால் பின்சக்கரம். டயரைப் பின்னால் மாற்றியதும் அதிர்வு இருக்கைக்குப் போனால் அந்த இரண்டில் ஒன்றுதான் குற்றவாளி. ஆனால் சக்கரத்தைச் சமன்செய்ய மறுபடி ஈயம் ஒட்டுமுன் இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, அலாயின் உட்பக்கம். அரியமான், அரிச்சல்முனை என்று போய்வந்த வண்டியில் ஈர மணல் உள்விளிம்பில் அப்பிக் காய்ந்திருக்கும். கழுவாமல் பேலன்ஸ் செய்தால், இரண்டு நாளில் மணல் உதிர்ந்ததும் எல்லாம் தப்பாகிவிடும். இன்னொன்று, ரிம் உட்காரும் ஹப்பின் முகம். கடல் காற்றில் அங்கே துரு பொருக்காகக் கட்டும். அதன்மேல் ரிம்மை வைத்து முடுக்கினால் சக்கரம் துளி சாய்ந்து உட்காரும், எவ்வளவு ஈயம் ஒட்டினாலும் அதிர்வு போகாது. துரு பொடிந்தபின் நட்டும் தளரும். கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துவிட்டு, நடுத்துளை விளிம்பில் மட்டும் மெலிதாக கிரீஸ் தடவலாம். அடுத்தமுறை சக்கரம் ஒட்டிக்கொள்ளாமல் வரும். நட்டின் மரையிலும் நட்டு உட்காரும் குழியிலும் கிரீஸ் படக்கூடாது.

அலாயில் அடித்து மாட்டும் ஈயம் வேண்டாம், உட்பக்கம் ஒட்டும் வகைதான் சரி. அடிக்கும் இடத்தில் பூச்சு போய்விடும், உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வெள்ளைப் பொடியாக அரிப்பு கிளம்பி டயரின் விளிம்பு உட்காரும் இடத்துக்குப் பரவினால், முள்ளும் ஆணியும் இல்லாமலே வாரத்துக்கு நாலு பிஎஸ்ஐ காற்று இறங்கும். டயர் மாற்றும் நாளில் அந்த விளிம்பைத் தேய்த்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். வால்வின் விலையைப் பார்த்தால் மிச்சம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை. டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அதை வால்வுக்கு நேராக வைத்து ஏற்றினால் ஈயம் குறைவாகத் தேவைப்படும். அம்புக்குறி உள்ள டயர் அந்தத் திசையில்தான் சுழலவேண்டும். வெளிப்பக்கம் என்று பொறித்த டயரை உள்ளே திருப்பிப் போட்டால் மழையில் தண்ணீர் ஒதுக்கும் வேலை கெடும்.

மாட்டியபின் நாலு நட்டையும் எதிரெதிராக, இரண்டு சுற்றில் முடுக்கவேண்டும். காற்றுத் துப்பாக்கியால் கர்ரென்று அடித்துவிட்டு அனுப்புவது நம் கடைகளின் கெட்ட பழக்கம். மரையும் போகும், வழியில் பஞ்சரானால் உங்களால் கழற்றவும் முடியாது. இப்படிப்பட்ட சிறிய கார்களுக்கு முடுக்கு அளவு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணைச் சொல்லி டார்க் ஸ்பேனரில் முடிக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை சரிபாருங்கள்.

காற்று எவ்வளவு என்பதற்கு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் பிரமாணம், டயரின் பக்கச்சுவரில் உள்ளது உச்ச வரம்பு. காலையில் வண்டி எடுக்குமுன் பார்க்கவேண்டும். மதியம் பரமக்குடி தாண்டி ஒரு பங்கில் நிறுத்திப் பார்த்தால் 4, 5 பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைந்த காற்றில் கிளம்புவீர்கள், மேலே சொன்ன 24 பிஎஸ்ஐ கணக்கு உங்களுக்கு வந்துசேரும். கடற்கரை மணலில் இறங்கச் சிலர் 20-க்குக் குறைப்பார்கள். மணலுக்கு அது சரி, ரோட்டில் ஏறியதும் நிரப்பாமல் ஓட்டினால் டயர் சூடாகிப் பக்கச்சுவர் கெடும். சொந்தமாக ஓர் அளவி வைத்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலை முள் குத்தி உடைந்து உள்ளேயே நின்றால் காற்று நாள்கணக்கில் மெல்ல இறங்கும், பார்வைக்குத் தெரியாது.

நைட்ரஜன் அடித்தால் கெடுதல் இல்லை, சறுக்கலுக்கு மருந்தும் இல்லை. சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

பாம்பன் பாலத்தைப் பற்றி ஒரு சொல். 1988-இல் திறந்த அந்தச் சாலைப் பாலத்தில் 2 கி.மீ.க்கு மேல் ஒதுங்க மறைவு கிடையாது. ஆடிக் காற்றோ வாடையோ பக்கவாட்டில் அறையும்போது, உயரப் பக்கச்சுவரும் குறைந்த காற்றும் உள்ள வண்டி முதலில் ஒதுங்கும், ஸ்டியரிங்கைத் திருத்தியபின் ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். அந்தத் தாமதத்தைத்தான் மிதப்பு என்கிறீர்கள். பஸ்ஸைக் கடக்கையில் காற்று சட்டென்று நின்று மறுபடி அடிக்கும், அங்கே 50-க்கு மேல் வேண்டாம். இணைப்புப் பட்டைகள் நனைந்திருக்கும்போது அதன்மேல் பிரேக்கை அழுத்தாதீர்கள்.

மாற்றி முடித்தபின் வண்டி இன்னும் இடப்பக்கம் இழுத்தால் உடனே அலைன்மென்ட்காரரைக் குறை சொல்லிவிடாதீர்கள். ரோடு நடுவில் உயர்ந்து இடப்புறம் சரிந்திருப்பதால் கொஞ்சம் இழுப்பது இயல்பு. சமதரையில் பாருங்கள். அங்கேயும் இழுத்தால் முன் இரண்டு டயரையும் இடம் வலம் மாற்றிப் போடுங்கள், அம்புக்குறி இல்லாத டயராக இருந்தால். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில், மாறாவிட்டால் வண்டியில். டயரில் என்றால் வாரன்டியில் கேட்கலாம்.

ஸ்டெப்னியையும் எடுத்துப் பாருங்கள். அது 14 அங்குல இரும்பு ரிம்மில் 165/80 ஆக இருந்தால் அதன் விட்டம் 619.6 மி.மீ., உங்கள் 185/65-க்கு நெருங்கிய இணை. 195 போட்ட அச்சில் அதை மாட்டினால் இடத்துக்கும் வலத்துக்கும் 15 மி.மீ. வித்தியாசம் வந்து, இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்யும். அப்படி மாட்டவேண்டி வந்தால் அடுத்த பஞ்சர் கடை வரைக்கும்தான் ஓட்டலாம். 2018-இலிருந்து டிக்கியில் கிடக்கும் டயருக்கும் வயது அதேதான் ஆகிறது, காற்றும் இறங்கியிருக்கும்.